கொல்லிமலைக்கு எக்ஸெல் போதும்

ஆசிரியருக்கு வணக்கம். பைக் டூர்னாலே லட்சக்கணக்குல விலை போற பெரிய வண்டி, ஜாக்கெட், பக்கத்துக்கு ஒரு பெட்டின்னு ஆயிடுச்சு, உங்க பேப்பர்ல வர்ற படமும் அப்படித்தான் இருக்கு. நான் போன மாசம் நாமக்கல்லேர்ந்து டிவிஎஸ் எக்ஸெல் 100-லதான் கொல்லிமலை ஏறினேன், 70 கொண்டை ஊசி வளைவும் மெதுவா, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு வழி விட்டு விட்டு ஏறிடுச்சு, நடுவுல ரெண்டு தடவ இஞ்சின் ஆற நிறுத்தினேன், அந்தச் சாக்குல டீயும் ஆச்சு. வண்டி 90 கிலோகூட வராது, சேத்துல மாட்டினா ஒரு ஆளே தூக்கி வெச்சிடலாம், பஞ்சரானா எந்த ஊர்லயும் ஒட்டிடுவாங்க, மலை மேல காய்கறி மூட்டையே இதுலதானே போகுது?

ஆனா இறங்குறதுதான் கஷ்டம் சார். ஸ்கூட்டர்லயும் எக்ஸெல்லயும் பைக் மாதிரி கியரைக் குறைச்சு வேகத்தப் பிடிக்க முடியாது, முழுக்க பிரேக்கையே நம்பணும், விடாம பிடிச்சா சூடாகி பிடிப்பே போயிடும். ஆக்சிலேட்டரை மொத்தமா விட்டு சர்ருன்னு உருட்டாம, அங்கங்க நிறுத்தி ஆறவிட்டு இறங்கணும். மலையடிவாரத்துல இதை ஒரு போர்டுல எழுதி வெச்சா நல்லாருக்கும், 'மெதுவாகச் செல்லவும்'னு மட்டும் எழுதுனா யாருக்கு என்ன புரியும்?

– ஒரு வாசகர், நாமக்கல்