மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. வயது 51. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. மண்டிகளில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டும் இதே சமயத்தில்தான் எங்களுக்கு மீளாய்வுக் கூட்டங்களும் தொடங்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு பெரிய அரங்கில் பாடவாரியாக எங்களை உட்கார வைப்பார்கள். திரையில் பள்ளியின் பெயர், தேர்வு எழுதியவர்கள், தேர்ச்சி பெற்றவர்கள், விழுக்காடு எல்லாம் ஓடும். விழுக்காடு குறைந்த பள்ளிகள் சிவப்பு நிறத்தில் இருக்கும். பெயர் வந்ததும் அந்தப் பள்ளியின் பாட ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும். மைக் கை மாறிக் கை மாறி வரும். "ஏன் குறைஞ்சது?" என்பார்கள். பையன் டிசம்பரோடு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான், பொதுத்தேர்வுக்கு மட்டும் பிடித்து இழுத்து வந்தோம் என்று சொல்ல வாயெடுத்தால், "காரணம் வேண்டாம், அடுத்த வருஷம் எவ்வளவு, அதைச் சொல்லுங்க" என்று வெட்டிவிடுவார்கள். எல்லா அதிகாரிகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டவர்களும் உண்டு.

வரிசை என்னை நெருங்க நெருங்க எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்குமோ என்று இருக்கும். கை நடுங்கும். வெறும் தாளைப் பிடித்திருந்தால் நடுக்கம் கடைசி வரிசை வரை தெரியும். பரீட்சை அட்டையில் செருகி வைத்துக்கொண்டால் தெரியாது. அதனால் கூட்டத்துக்கு அட்டை இல்லாமல் போக மாட்டேன். இப்போதெல்லாம் அட்டையோடு வரும் வேறு ஆசிரியர்களைப் பார்த்தால், இவரும் நம்மைப் போலத்தானோ என்று ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கிறேன்.

"அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் கணீரென்று பாடம் நடத்துகிற ஆளுக்கு என்ன கூச்சம்?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரரே கேட்டார். வகுப்பறையில் எனக்கு ஒரு பயமும் கிடையாது. அங்கே ஓம் விதி பேசுகிறது, நான் பேசுவதில்லை. அதே வகுப்பில் ஆய்வுக்கு வந்தவர் கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டால் போதும், மின்சுற்றுப் படத்தில் மின்கலத்தைத் தலைகீழாக வரைந்துவிடுவேன். பிள்ளைகள் திருத்துவார்கள். பெரியவர்கள் என்னை எடைபோடுகிறார்கள் என்று தோன்றும் இடம் எதுவானாலும் எனக்கு இதே கதைதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஆண்டு விழா மேடை, "கேமராவை ஆன் செய்யவும்" என்று குறிப்பு போட்டு வரும் ஜூம் கூட்டம் என்று எல்லாமே இதில் சேர்த்தி. வங்கியில் ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கக் கையெழுத்துப் போட்டால் கோணிக்கொள்ளும்; "பொருந்தலையே மேடம், இன்னொண்ணு போடுங்க" என்பார், அது இன்னும் மோசமாகும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் எழுதும்போது பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கிற வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அங்கெல்லாம் கவரை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு நேரே பந்திக்குப் போய்விடுவேன். பந்தியிலும் நிம்மதி கிடையாது, அது வேறு விஷயம்.

இது சும்மா கூச்ச சுபாவம் இல்லை, சமூகப் பதற்றக் கோளாறு என்று மருத்துவர் சொன்னபோதுதான் தெரிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலிலேயே 1980இல்தான் இது தனி நோயாக இடம்பெற்றது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குமாம். ஐம்பது வயதில் புதிதாக முளைப்பது அரிது. முளைத்தது எப்போதோ, நாம் மருத்துவரிடம் போவதுதான் இப்போது.

என் விஷயத்தில் அது எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவள். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், அதனால் பற்களில் பழுப்புக் கறை விழும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல் உருவாகும் சிறு வயதிலேயே உள்ளே படிந்துவிடும் கறை அது, தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013இல் தண்ணீர் திறக்கப்பட்டது. அதற்குள் எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இந்த மாவட்டத்துப் பெண்கள் பேசும்போதும் சிரிக்கும்போதும் முந்தானையால் வாயை மறைப்பதை வெளியூர்க்காரர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் "பாக்குப் பல்லு" என்பார்கள். பாடம் வாசிக்க எழுப்பினால் உதட்டைத் திறக்காமலே வாசிக்கப் பழகியவள் நான். அப்படி வளர்ந்த ஒரு தலைமுறைதான் இன்று நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஆசிரியர்களாக இருக்கிறது. பல்லில் கறை உள்ள எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களை மேடையேற்றும் முன் இதையும் யாராவது யோசிக்கலாம்.

2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பள்ளி திறந்தபோது முகக்கவசம் கட்டாயமாக இருந்ததே, என் பணிக்காலத்திலேயே நான் நிம்மதியாகக் கூட்டங்களுக்குப் போனது அப்போதுதான். எல்லோரும் எப்போது கழற்றுவோம் என்று காத்திருந்தார்கள். எனக்குக் கழற்றச் சொன்ன பிறகுதான் பழையதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

பெண்களுக்கு இந்த வயதில் இன்னொரு சிக்கல். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் திடீரென்று உடம்பு கொதித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டும், படபடக்கும். பதற்றத்திலும் இதேதான் நடக்கும். எது எது என்று நமக்கே பிரித்துச் சொல்ல முடியாது. வியர்ப்பதைப் பார்த்து மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் இன்னும் வியர்க்கும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நடுக்கமும் படபடப்பும் வரும் என்பதால் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதினார். அதனால் தோழிகளே, நீங்களாகவே முடிவு கட்டிக்கொள்ளாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து டீச்சர் கொடுத்தார் என்று படபடப்புக்கான மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் ஆசிரியர் ஓய்வறைகளில் நடக்கிறது. அந்த வகை மாத்திரைகளில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆண் ஆசிரியர்கள் சிலருக்கு மாத்திரை வேறு கடையில் கிடைக்கிறது. "ரெண்டு போட்டாதான் நாலு பேர் முன்னால பேச வரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வந்தபோது எனக்கு அது வேண்டாம் என்று உரிமைவிடல் கடிதம் கொடுத்துவிட்டேன். பையன் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டை விட்டுத் தூரமாகப் போக முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். பையன் படித்து முடித்து ஓசூரில் வேலைக்கும் போய்விட்டான். தலைமை ஆசிரியர் என்றால் மாதம் தவறாமல் கூட்டம், பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள், போன். அதுதான் உண்மைக் காரணம். என்னைப் போல எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் காரணங்களும் பையன், மாமியார், முதுகுவலி என்றே இருக்கும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது என் மாணவியின் அம்மா, "டீச்சர், நீங்க எங்க இங்க?" என்றார். மாமியாருக்கு மாத்திரை வாங்க வந்தேன் என்றேன். அவரும் யாருக்கோ மாத்திரை வாங்கத்தான் வந்திருந்தாராம். உள்ளே மருத்துவர் மாத்திரையைவிட வீட்டுப்பாடம்தான் அதிகம் கொடுத்தார். தக்காளி மார்க்கெட்டில் நாலு பேர் நிற்கும்போது சத்தமாக விலை கேட்டுவிட்டு வாங்காமல் வர வேண்டும். வங்கியில் நடுங்கிய கையோடே, மறைக்காமல், கையெழுத்துப் போட வேண்டும். எதைத் தவிர்க்கிறோமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்ப்பதுதான் சிகிச்சையாம். தக்காளிக்காரர் "வாங்கலைன்னா எதுக்கு கேக்கற?" என்று சத்தம் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நடுக்கம் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் முன்பு போல் முந்தின நாள் இரவே தூக்கம் கெடுவதில்லை.

சரி, நான் கேட்பது இதுதான். தேர்ச்சி குறைந்தால் கேளுங்கள், கேட்க வேண்டியதும்தான். பள்ளியின் விவரத்தை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி, தேவைப்பட்டவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். முந்நூறு பேர் நடுவில் எழுப்பி நிறுத்தி, கையில் மைக்கைக் கொடுத்து எந்தப் பையனும் இதுவரை பாஸானதில்லை. பதற்ற நோய் இல்லாத ஆசிரியருக்கும் அது அவமானம்தான். நோய் இருப்பவருக்கு அடுத்த ஒரு வருடம் போய்விடுகிறது. வகுப்பில் ஒரு பிள்ளையை இப்படி நிறுத்தக் கூடாது என்று எங்களுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வருபவர்கள் பள்ளிகளில் மாணவர்களுக்குத் தேர்வு பயம் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல காரியம். அன்று நாங்கள் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துவிட்டு ஓரமாக நிற்கிறோம். அவர்கள் கிளம்பும் முன் அரைமணி நேரம் ஓய்வறைக்கு வந்து எங்களிடமும் பேசிவிட்டுப் போகலாம். எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கச் சொல்ல வேண்டாம், சீட்டில் எழுதிக் கேட்கச் சொன்னால் போதும். அதுவரை, நேரில் போகத் தயங்குபவர்களுக்கு டெலிமானஸ் என்ற அரசின் 14416 எண் இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம். சரிபார்ப்பதற்காக முகவரியும் கைபேசி எண்ணும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அழைப்பதானால் தயவுசெய்து முதலில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அழையுங்கள். தெரியாத எண்ணை நான் இன்னும் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.