போயர் கொடிவழியில் தாய்மார்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கப் போயர் குடும்பம் ஒன்று தன் ஃபிளமிஷ் (இன்றைய பெல்ஜியத்திலும் அதை ஒட்டியும் அமைந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியினர்), டச்சு முன்னோர்களைத் தேடிச் சென்ற விதத்தை விவரித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தொலைதூர நாட்டுக் குடும்ப வரலாற்றைத் தமிழில் இவ்வளவு பொறுமையாக எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் குடும்பப் பெயரை மட்டும் பற்றிக்கொண்டு மகனிலிருந்து தந்தைக்கும், தந்தையிலிருந்து பாட்டனுக்குமாக மேலேறிச் சென்று, ஒல்லாந்தில் ஓர் ஊர் அகப்பட்டதும் தேடல் நிறைவடைந்ததாகக் கட்டுரையாளர் கருதுவதையும், அக்குடும்பத்தைக் கலப்பற்ற டச்சு வழியினர் என்று தீர்ப்பளிப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. கேப் எனப்படும் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தின் ஆவணங்களே அந்தத் தீர்ப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. அவற்றுள் ஒன்று நம் பழவேற்காட்டிலிருந்து தொடங்குகிறது.

முதலில், ஒல்லாந்திலிருந்து கப்பலேறியவர்கள் எல்லோரும் ஒல்லாந்தர் அல்லர். 1652 ஏப்ரல் 6 அன்று யான் வான் ரீபெக் டேபிள் குடாவில் இறங்கியது குடியேற்ற நாடு ஒன்றை அமைப்பதற்காக அன்று. கீழை நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் இறைச்சியும் தருவதற்காகவே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அனுப்பியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1657இல், கம்பெனி ஊழியர் சிலரை வேலையிலிருந்து விடுவித்து லீஸ்பெக் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தபோதுதான் பிற்காலத்தில் போயர் எனப்பட்ட உழவர் சமூகத்தின் விதை ஊன்றப்பட்டது. கம்பெனியின் சிப்பாய்களும் மாலுமிகளும் வட ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள். போயர்களின் அடையாளமாகவே உலகம் அறிந்த டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவர் பால் குரூகரின் தந்தைவழி முன்னோர்கூட டச்சுக்காரர் அல்லர். 1713இல் கம்பெனிச் சிப்பாயாகக் கேப்புக்கு வந்த ஜெர்மானியர். ஜே. ஏ. ஹீஸ என்ற ஆய்வாளர் 1971இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆஃப்ரிகானர் (போயர்களை உள்ளடக்கிய, ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் வெள்ளையர்) மூதாதையரில் டச்சுக்காரர் ஏறத்தாழ 35 சதவீதம். ஜெர்மானியர் 34, பிரெஞ்சுக்காரர் 13, ஐரோப்பியர் அல்லாதோர் 7 சதவீதம். இனக் கலப்புத் திருமணத் தடைச் சட்டமும் (1949) மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் (1950) நடப்பில் இருந்த காலத்தில், ஓர் ஆஃப்ரிகானர் ஆய்வாளரே அந்தக் கடைசி எண்ணை அச்சிட்டார் என்பதையும் கருத வேண்டும்.

ஃபிளாண்டர்ஸ் பற்றிய பகுதி கட்டுரையில் இரண்டு பத்திகளோடு முடிந்துவிட்டது. இந்தத் தேடலில் அதுவே கடினமானதும் சுவையானதும் ஆன கட்டம் என்பது என் கருத்து. 1585இல் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்த பின், புராட்டஸ்டண்ட் சமயத்தைக் கைவிட மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே பெயர்ந்து மிடில்பர்க், லைடன், ஹார்லெம், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களில் குடியேறினார்கள். லைடனின் துணித் தொழில் செழித்ததே ஹோன்ட்ஸ்கோட்டே போன்ற ஃபிளமிஷ் ஊர்களிலிருந்து வந்த நெசவாளர்களால்தான். ஆகவே ஒரு குடும்பத்தின் முன்னோர் லைடனைச் சேர்ந்தவர் என்று கண்டால், அது பூர்வீக ஊராக இல்லாமல், இடையில் தங்கிய இடமாகவே இருக்கக்கூடும். திருமண ஒப்பந்தப் பதிவேடுகளிலும் நகரக் குடியுரிமை ஏடுகளிலும் ஆளின் பெயரோடு அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் எழுதும் வழக்கம் இருந்ததால், அந்தத் தங்குமிடத்திலிருந்து கென்ட்டுக்கோ புரூஜுக்கோ செல்லும் நூல் அகப்படுவதுண்டு.

அதன் பிறகு வழி குறுகிவிடும். ஸ்பானிய ஆட்சிக்குட்பட்ட ஃபிளாண்டர்ஸில் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைக் குறித்த பங்குக் கோயில் பதிவேடுகள் கத்தோலிக்கத் திருச்சபையுடையவை. மறைவாகக் கூடி வழிபட்ட புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் அவற்றில் இடம்பெறாமல் போகலாம். பலருக்கு நிலையான குடும்பப் பெயரும் இல்லை. தந்தையின் பெயரையே மகன் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதால், பீட்டரின் மகன் யான், யானின் மகன் கிளாஸ் என்று தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு வாழும் நமக்கு இந்தச் சிக்கலை விளக்கவே தேவையில்லை. நெதர்லாந்தில் அரசுப் பதிவு முறை நாடு முழுவதற்கும் வந்தது 1811இல். ஃபிளாண்டர்ஸில், பிரெஞ்சு ஆட்சியின் விளைவாக, 1796இல். போரில் அழிந்தவை வேறு: 1914 நவம்பரில் ஈப்ர நகரின் துணி மண்டபம் எரிந்தபோது அந்நகர ஆவணங்களும், 1940 மே மாதத்தில் மிடில்பர்க் தீப்பற்றியபோது சீலாந்து மாகாணத்தின் பழைய பதிவேடுகளில் பெரும்பகுதியும் சாம்பலாயின. இத்தனை இடைவெளிகளையும் தாண்டி, கிளை ஒன்றும் அறுபடாமல் இடைக்காலம் வரை ஏறிச் செல்லும் குடும்ப மரங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, ஒருவர் ஊகித்து எழுதியதை மற்றவர்கள் மூலத்தைப் பாராமல் நகலெடுத்தவை என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது எச்சரித்திருக்கலாம்.

பிரெஞ்சு ஹியூகெனோக்கள் (சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்டுகள்) என்று ஒரே பெயரில் அடக்கப்படுவோரிலும் ஃபிளாண்டர்ஸ் ஒளிந்திருக்கிறது. டு டுவா குடும்பத்தின் முன்னோர் லீல் நகரத்தவர். அந்நகரம் பல நூற்றாண்டுகள் ஃபிளாண்டர்ஸ் கோமகனாட்சிக்கு உட்பட்டிருந்து, 1667இல்தான் பதினான்காம் லூயியின் கைக்குப் போனது. அக்குடும்பத்தை பிரெஞ்சு என்று எழுதுவதா, ஃபிளமிஷ் என்று எழுதுவதா என்பது எந்த ஆண்டின் வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இனி என் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஸ்னைமன் என்பது தென்னாப்பிரிக்காவில் நன்கறியப்பட்ட போயர் குடும்பப் பெயர். 1899இல் தொடங்கிய மாஃபெகிங் நகர முற்றுகையில், முதல் தளபதி குரோன்யே விலகிச் சென்ற பின் போயர் படையை நடத்திய தளபதியும் அப்பெயரைத் தாங்கியவரே. தந்தைவழியை மட்டும் பின்பற்றினால், இக்குடும்பத்தின் தேடல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலிருந்து வந்த ஹான்ஸ் கிறிஸ்டோஃபெல் என்ற சிப்பாயோடு முடியும். ஆனால் 1669இல் கேப்பில் ஞானஸ்நானம் பெற்ற அவருடைய மகன் கிறிஸ்டோஃபெலின் தாய், பழவேற்காட்டுக் கத்தரினா என்று ஆவணங்களில் அறியப்படுபவள். பழவேற்காட்டின் கெல்ட்ரியா கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு சோழமண்டலக் கரை வணிகத்தை நடத்திய டச்சுக்காரர்கள், துணியோடு மனிதர்களையும் இங்கிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். அவ்வாறு அடிமையாகச் சென்றவர்களுள் ஒருத்தி கத்தரினா. பத்தேவியாவில் தன் துணைவன் இறந்த வழக்கில் அவளுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் அவள் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டாள். பின்னர் விடுதலை பெற்று, 1671இல், வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை அடைந்திருந்த அந்தோனி என்பவரை மணந்தாள். அவள் மகன் கிறிஸ்டோஃபெல் மணந்துகொண்டது யாரை என்று பாருங்கள்: இன்றைய பெல்ஜியத்தின் ஆத் நகரத்து வணிகரும், 1688இல் மிடில்பர்க்கிலிருந்து புறப்பட்ட ஓஸ்டர்லாண்ட் கப்பலில் கேப்புக்கு வந்தவருமான ஜாக் டெ சவ்வாவின் மகள் மார்கரித் தெரேஸை. ஆணிலிருந்து ஆணுக்கு ஏறும் கொடிவழியில் ஹைடல்பெர்க் கிடைக்கும். ஆத் நகரமும் பழவேற்காடும் இரண்டுமே தவறிப்போகும்.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த விந்தை அன்று. 1679இல் கேப்பின் பொறுப்பை ஏற்று, தம் பெயரால் ஸ்டெலன்போஷ் நகரை நிறுவிய சீமோன் வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியும் ஓர் இந்தியப் பெண்ணே. 2020இல் பிஎம்சி பயாலஜி என்ற அறிவியல் இதழில் வெளியான மரபணு ஆய்வு, சோதிக்கப்பட்ட 77 ஆஃப்ரிகானர்களிடம் ஐரோப்பியம் அல்லாத வழிவந்த பங்கு சராசரியாக 4.7 சதவீதம் என்று கண்டது. ஹீஸ பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டதோடு இது பெரிதும் முரண்படவில்லை. அப்படியிருந்தும் இந்தத் தாய்மார்கள் ஏன் கண்ணில் படவில்லை என்றால், அதற்குக் காரணம் ஆவணங்களின் வறுமை அன்று, நூல்களின் அமைப்பு. டெ வில்லியர்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்து, பாமா திருத்தி 1966இல் வெளியிட்ட வம்சாவளித் தொகுப்பு, முதலில் வந்தவரை அ என்றும் அவர் பிள்ளைகளை ஆ என்றும் குறிப்பது போன்ற எழுத்தெண் முறையில், குடும்பப் பெயரைத் தாங்கும் ஆண்வழியையே விரித்துச் செல்கிறது. மகள்கள் மணமாகி வேறொருவர் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பயனுள்ள தொகுப்புதான், ஆனால் அதைப் படிக்கும்போதே ஒவ்வொரு மனைவியின் பெயரிலும் நின்று, அவளுக்குத் தனிக் கிளை வரைய வேண்டியிருக்கிறது. கேப்பில் பெரும்பாலும் பின்பற்றப்பட்ட பெயரிடும் மரபும் இதற்கு உதவும்: மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். நம்மில் பல குடும்பங்களிலும் பேரன் என்றால் பாட்டன் பெயரைத் தாங்குபவன்தானே.

கட்டுரையாளர் கையாண்டிருக்கக்கூடிய ஆவணங்களுக்கும் குறைவில்லை. கம்பெனியின் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரு மாலுமியின் சொந்த ஊர், ஏறிய கப்பல், இறங்கிய துறைமுகம் ஆகியவற்றை அவை தருகின்றன. கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் அநாதைப் பிள்ளைகளின் சொத்துகளைக் காத்த அலுவலகத்தின் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் இருக்கின்றன. வீட்டில் இருந்த அடிமைகளின் பெயர்களும் கட்டில், செம்புப் பாத்திரம் ஆகியவற்றோடு அங்கே வரிசைப்படுத்தப்பட்டிருப்பதைப் படிப்பது எளிதாக இராது என்றாலும், கத்தரினாக்களை அங்கேதான் காண முடியும்.

1899 முதல் 1902 வரை பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் நடந்த போர் பற்றிக் கட்டுரை விரிவாகவே எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியப் படை பண்ணை வீடுகளைக் கொளுத்தியபோது, பிறப்பும் இறப்பும் எழுதி வைக்கப்பட்டிருந்த குடும்ப வேதாகமங்களும் அவற்றோடு எரிந்தன. தடுப்பு முகாம்களில் ஏறத்தாழ 28,000 போயர் மக்கள், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அம்முகாம்களின் பதிவேடுகள் இன்று குடும்ப வரலாற்றுக்கு ஆதாரமாகின்றன. கறுப்பின மக்களை அடைத்து வைத்த தனி முகாம்களில் மாண்டோரைப் பற்றிய பதிவுகளோ அந்த அளவுக்கு இல்லை.

பிடிபட்ட போயர் வீரர்கள் செயின்ட் ஹெலனா, பெர்முடா ஆகிய தீவுகளுக்கு மட்டும் அனுப்பப்பட்டதாகக் கட்டுரையில் உள்ளது. இலங்கையின் தியத்தலாவையிலும், நம் திருச்சிராப்பள்ளியிலும் நீலகிரியின் கேத்தியிலும் அவர்கள் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். போர்க்கைதிகளின் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் சொந்த மாவட்டமும் பிடிபட்ட இடமும் நாளும் எழுதப்பட்டுள்ளன. கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது இந்தத் திருத்தத்தைச் சேர்க்கவும், அக்குடும்பத்தில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மணமாகி வந்த பெண்களின் ஊர்களையும் குறிப்பிடவும் கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்