நெய்யைக் கூட்டுவது பற்றி நண்பருக்கு

மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

நலம், தங்கள் நலமும் தங்கையின் நலமும் அறிய ஆவல். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் நடப்பதால் இங்கே நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வருகிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

சோற்றையும் இட்லியையும் குறைத்ததும் இறங்கிய எடை இப்போது அசையாமல் நிற்கிறது என்றும், நெய்யை இன்னும் கூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூட்ட வேண்டாம். மாவுச்சத்தைக் குறைத்தவருக்குக் கொழுப்புதான் எரிபொருள் என்பது உண்மையே. ஆனால் அது முழுவதும் தட்டிலிருந்தே வரவேண்டும் என்பதில்லை, இடுப்பைச் சுற்றிச் சேர்ந்திருப்பதும் அதே சரக்குதான். நாளொன்றுக்கு 2000 கலோரி செலவழிக்கும் ஒருவர் 50 கிராம் மாவுச்சத்தும் 90 கிராம் புரதமும் உண்டால், கிராமுக்கு 4 வீதம் 560 கலோரி ஆயிற்று. மீதி 1440 கலோரிக்கு, கிராமுக்கு 9 வீதம், 160 கிராம் கொழுப்பு வேண்டும். அதில் 500 கலோரியை உடம்பே தன் இருப்பிலிருந்து தரட்டும் என்று விட்டால், உணவில் ஏறத்தாழ 105 கிராம் போதும். மீன், முட்டை, தேங்காய் ஆகியவற்றில் உள்ளதும் அதற்குள் அடக்கம். ஆகவே புரதத்தில் கை வைக்காமல், ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரிவரை தரும் நெய்யில்தான் தாங்கள் குறைக்க வேண்டும்.

அதற்காக எண்ணெயை அடியோடு விலக்குவதும் சரியல்ல. நண்டிலும் கணவாயிலும் இறாலிலும் 100 கிராமுக்கு ஓரிரு கிராம் கொழுப்புதான் இருக்கிறது; மாவும் இல்லாமல் கொழுப்பும் இல்லாமல் அவற்றை மட்டும் அவித்துத் தின்றால், சாயங்காலத்துக்குள் சோர்ந்து, கை தானாகக் கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பைத் தேடிப் போகும். அந்த நாட்களில் தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பே பொருத்தம். கொழுத்த சாளை கிடைக்கும் நாளிலோ, சட்டியில் எண்ணெயைத் தடவி மீனைப் போட்டாலே போதும், ஓரங்களில் அதன் நெய்யே கசிந்து பொரியத் தொடங்கிவிடும். அன்றைக்குத் தேங்காய் அரைக்காமல் வெறும் புளிக்குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு இரத்தத்தில் ஏறியிருந்தால் நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் மாறுவது நல்லது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெப்பிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றைக் குறைத்ததை மருத்துவரிடம் உடனே சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். இரத்தப் பரிசோதனை முடிந்ததும் எல்டிஎல் எவ்வளவு என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் நண்பன்