தம்பியை எதிர்த்து நின்ற அக்கா

ஆசிரியருக்கு வணக்கம்.

மே தினக் கட்டுரைகளில், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் போராடிய அனசூயா சாராபாய் பெயர் அதிகம் கண்ணில் படுவதில்லை. 1918 அகமதாபாத் துணி ஆலைப் போராட்டம் என்றாலே காந்தியின் உண்ணாவிரதத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நெசவாளர்களோடு நின்றவர் அனசூயா. 36 மணி நேரம் தொடர்ந்து உழைத்துவிட்டுத் தள்ளாடி நடந்த ஆலைப் பெண்களைப் பார்த்தபோதுதான் அவர் தொழிலாளர் பக்கம் வந்தார். 13 வயதில் கட்டிவைக்கப்பட்டு, அந்த வாழ்க்கை ஒத்துவராமல் பிறந்த வீடு திரும்பியவர். 1912இல் அவர் இங்கிலாந்து சென்று படிக்க உதவியவர் தம்பி அம்பாலால். வேடிக்கை என்னவென்றால், 1918இல் முதலாளிகள் தரப்பில் முன்னின்றவரும் அதே தம்பிதான்! தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20ஐத் தாண்டவில்லை. கடைசியில் நடுவர் தீர்ப்பில் 35 கிடைத்தது. 1920இல் பிறந்த மஜூர் மகாஜன் சங்கம் என்ற ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கும் அனசூயாதான் தலைவர்.

அடுத்த மே தினத்துக்காவது அவரைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள். அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்ற அந்த நாட்களை விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்