அடித்துவிட்டு எழுதிய ஒரு வரிக்காக

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் என் கேஸைப் பார்த்த அக்காவுக்கும் கூட நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

பேர் போட்டு எழுத ஆசைதான். ஆனால் என்னைப் பற்றி ஒரு சொல்கூட வெளியே போகாமல் காத்தவர் நீங்கள். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு நான் போன் போட்டபோது ராத்திரி பத்து மணி தாண்டியிருந்தது. அதற்கு முன் உதவி கேட்டுப் போன ஓர் இடத்தில், "குடும்பம்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மையத்திலும் அதையே சொல்வார்கள் என்று பயந்துகொண்டே வந்தேன். நீங்கள் பாப்பாவுக்குப் பாலும் பன்னும் வாங்கி வரச் சொன்னீர்கள். அவள் தூங்கும்வரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கே வாசித்துக் காட்டினீர்கள். ஓரிடத்தில் "அன்று கணவர் அடித்தார்" என்று இருந்தது. "இல்லக்கா, அன்னைக்கு அடிக்கல. வெளியே பூட்டிட்டுப் போனார், மறுநாள் மதியம்தான் திறந்தார்" என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினீர்கள். அடி விழுந்தால்தான் கொடுமை என்று அதுவரை நானே நினைத்திருந்தேன். பூட்டி வைப்பதும், என் சம்பள ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வதும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அங்கே ஐந்து நாள்தான் தங்கலாம். நீங்கள் காப்பகம் பார்த்து வைத்திருந்தும், கணவர் போனில் அழுததைக் கேட்டு நான் வீட்டுக்கே கிளம்பினேன். இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. நீங்கள் திட்டவில்லை. "சரிம்மா, முடிவு உன்னோடது. ஆனா இதையெல்லாம் செஞ்சு வை" என்றீர்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், பாப்பாவின் தடுப்பூசி அட்டை, கொஞ்சம் பணம் எல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. வாராவாரம் தையல் கடையிலிருந்து பேசுவதுபோலப் பேசினீர்கள். நான் "அப்புறம் வரேன்" என்றால் அவர் பக்கத்தில் இருக்கிறார். "துணியை இன்னைக்கே வாங்கிக்கிறேன்" என்றால் ஆள் அனுப்ப வேண்டும். நான்கு மாதம் கழித்து அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வண்டி வந்தது.

பாதுகாப்பு அலுவலர் அம்மா சம்பவ அறிக்கை எழுதும்போது பட்டது எல்லாவற்றையும் நான் மறுபடி முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியிருக்கவில்லை. நீங்கள் எழுதி வைத்ததே போதுமானதாக இருந்தது. வீடு மாமியார் பேரில் இருப்பதால் எனக்கு அங்கே உரிமையில்லை என்று கணவர் வீட்டார் சொன்னார்கள். இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் மேடம் 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, வீடு மாமியார் பேரில் இருந்தாலும் மருமகள் அங்கே தங்க உரிமை கேட்கலாம் என்று அதற்குப் பதில் சொன்னார். அந்த வீடே வேண்டாம், வேறு வீட்டுக்குக் கணவர் வாடகை கொடுத்தால் போதும் என்று நான் சொன்னதும், காரணம் கேட்காமல் அப்படியே மனுவில் சேர்த்தார். அவர்கள் இருவருக்கும், அந்த நான்கு மாதமும் என் பையைப் பத்திரமாக வைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் என் நன்றி.

போன வாரம், "கேஸை முடிச்சுக்கலாமாம்மா?" என்று அதையும் என்னிடமே கேட்டீர்கள். முடிச்சுக்கலாம்க்கா. ஜூனில் பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். முதல் நாள் சீருடையோடு அவளைக் கூட்டிக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா