நிறுத்தச் சொன்னீர்கள், திரும்பச் சேர்ப்பது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'இன்றே நிறுத்த வேண்டிய 10 உணவுகள்' என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். சீனி, மைதா, பால், வெள்ளை அரிசி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் என்று போகிற பட்டியல். நான் அன்றைக்கே படித்துவிட்டேன். படிக்காமல் இருந்திருந்தாலும் திங்கட்கிழமை பத்து மணிக்குள் எனக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் நான் அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், இந்த ஊர் எதை விடுகிறது, எதைப் பிடிக்கிறது என்பது முதலில் என் கையில் வந்து விழுகிற சாமான் லிஸ்டில்தான் தெரியும்.

திங்கட்கிழமை ஒரு அம்மா கொண்டுவந்த லிஸ்டில் சீனி 3 கிலோ என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு நாட்டுச் சர்க்கரை 3 கிலோ என்று மேலே எழுதியிருந்தார்கள். உப்பை அடித்துவிட்டு இந்துப்பு. "அண்ணாச்சி, இனிமே வெள்ளையா எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார்கள். நானும் கட்டிக் கொடுத்துவிட்டேன். எனக்கு லாபம்தான், ஆனால் இனி நான் சொல்லப்போவதற்கு வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு இருப்பது அதே சுக்ரோஸ்தான், மூன்று கிலோவுக்கு மூன்று கிலோ மாற்றினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது ஏறத்தான் செய்யும். இந்துப்பிலும் சோடியம்தான், அதுவும் பல பாக்கெட்டுகளில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எந்த நிற உப்புக்கும் பொருந்தும்.

என் அப்பா கல்லாவில் இருந்த காலத்தில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் டின் டின்னாகப் போகும். அப்புறம் கொலஸ்ட்ரால் என்று ஒரு பயம் வந்தது, கடலை எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தது, ரீஃபைண்ட் சன்ஃபிளவர் வந்தது. செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்பதை அன்றைக்கு யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை, அவரும் ஜனங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது மரச்செக்குக் கடலை எண்ணெய் என்று இரண்டு மடங்கு விலையில் அதே எண்ணெயை நானே விற்கிறேன். எல்லாருமே கட்டாயம் விட வேண்டிய பொருளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வனஸ்பதியில் இருந்த, இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து அரசே கட்டுப்படுத்திவிட்டது. அந்த மாதிரி விஷயத்தில் தனித்தனியாக யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பாலும் பருப்பும் உருளைக்கிழங்கும் அப்படியா?

நான் எழுத வந்தது என் வயிற்றுக் கதையை.

எனக்கு 52 வயதானபோது ஆரம்பித்தது. காலையில் கடை திறந்து ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் வயிறு உப்பிக்கொள்ளும், கடமுடா என்று சத்தம், அப்புறம் ஓட வேண்டும். கடையில் கழிப்பறை கிடையாது. பக்கத்து லாட்ஜ்காரர் தெரிந்தவர் என்பதால் மானம் பிழைத்தது, ஆனால் வியாபார நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடுகிறவனை ஊர் என்ன நினைக்கும்? மைத்துனன் வந்து உருளைக்கிழங்கு வாயு, விட்டுவிடுங்கள் என்றான். விட்டேன். சரக்கு இறக்க வருகிற லாரி டிரைவர் கத்தரிக்காய் என்றார். அதையும் விட்டேன். துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, வாழைக்காய், முட்டை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்ல, ஒவ்வொன்றாக இலையை விட்டுப் போனது, கடைசியில் ரசம் சாதமும் இட்லியும்தான் மிச்சம். எட்டு மாதத்தில் 6 கிலோ இறங்கிவிட்டேன். பெல்ட்டில் ஆணியால் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டதை என் மனைவி பார்த்து அழுதுவிட்டாள். அழுதுவிட்டு அவள் செய்த காரியம், உடம்பு தேற வேண்டுமே என்று ராத்திரி ஒரு பெரிய டம்ளர் பாலும் காலையில் ஒரு டம்ளர் பாலும் கொடுக்க ஆரம்பித்தது. வயிறு இன்னும் மோசமானது.

டாக்டரிடம் போனபோது அவர் ஸ்கேன் எழுதித் தருவார் என்று நினைத்துப் பணம் எடுத்துப் போயிருந்தேன். ரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், அது சரியாக இருந்தது. அப்புறம் "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்று கேட்டார். கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! எதிர்க் கடையிலிருந்து ஐந்து, ஆறு வரும், கணக்கு வைத்ததில்லை என்றேன். அவர் சொன்னது இதுதான்: முதலில் நீங்கள் விட்டதையெல்லாம் திரும்பச் சாப்பிடுங்கள், ஒரு வாரம் அப்படியே போகட்டும். அப்புறம் பாலை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள். பதினைந்தாம் நாள் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

எழுதுவதற்கு என்னிடம் கடன் நோட்டுதான் இருந்தது. கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு மாதிரி, சாப்பிட்டது ஒரு பக்கம், வயிறு காட்டியது இன்னொரு பக்கம் என்று நேரம் போட்டு எழுதினேன். உருளைக்கிழங்கு பொடிமாஸ் திரும்ப வந்த நாளில் வலது பக்கம் ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. பாலை நிறுத்திய நான்காம் நாள் வலது பக்கம் முழுக்கக் காலி. பதினைந்தாம் நாள் காலை 7 மணிக்கு ஒரு டம்ளர் பால் என்று இருக்கிறது, 8.20க்கு எதிரே நான் எழுதியிருப்பதை நாளிதழில் போட முடியாது.

லாக்டோஸ் என்று பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது, 100 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம். அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்கிற நொதி வேண்டும். பச்சைக் குழந்தையாக இருக்கும்போது எல்லாருக்கும் அது நிறையச் சுரக்கும், வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும், அது நோய்கூட இல்லை, உலகத்தில் பெரும்பாலான பெரியவர்களுக்கு அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். வட இந்தியரைவிட நம் பக்கத்து ஆட்களுக்கு இது அதிகமாம். உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கிற கிருமிகளுக்கு விருந்தாகி வாயுவாகிறது. மூச்சை ஊதச் சொல்லி அதில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று பார்க்கிற பரிசோதனைகூடப் பெரிய ஊர்களில் உண்டு, எனக்கு நோட்டே போதுமானதாக இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கப்புறம் வந்ததுதான். பாலே வேண்டாம் என்று நான் தலைமுழுகத் தயாராக இருந்தேன். அவர் விடவில்லை. தயிர் சாப்பிட்டுப் பாருங்கள், தயிர் உறையும்போதே கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுகின்றன என்றார். சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மோர், நெய் ஒன்றும் ஆகவில்லை. காலை டிபனுக்குப் பிறகு அரை டம்ளர் பால் டீ, அதுவும் தாங்குகிறது. இரண்டாவது டீயில் கணக்கு மாறுகிறது. ஆக எனக்குப் போனது நாலைந்து டீயும் இரண்டு டம்ளர் பாலும் மட்டும்தான், மற்ற நேரத்துக்குப் பால் சேர்க்காத வர டீ. பாலைக் குறைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி பண்ண வேண்டும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம். 100 கிராம் பாலில் 120 மில்லிகிராம் போல இருக்கிறது, 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல். கேழ்வரகு என் கடையிலேயே மூட்டையாக இருக்கிறது, எள்ளும் நெத்திலிக் கருவாடும் அப்படியே. சைவக்காரர்கள் பால், தயிர் இரண்டையுமே நிறுத்திவிட்டால் வைட்டமின் பி12 எங்கிருந்து வரும் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆசிரியர் அவர்களே, நீங்கள் போட்ட பக்கத்தில் பால் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. எனக்கு அது சரிதானே, பிறகென்ன கோபம் என்று கேட்பீர்கள். பத்தையும் ஒரே நாளில் நிறுத்தியவனுக்கு வயிறு சரியானால் எதனால் சரியானது என்று எப்படித் தெரியும்? ஆயுசுக்கும் அந்தப் பத்தையும் தொடாமல் உட்கார்ந்திருப்பான். சரியாகாவிட்டால் பதினொன்றாவதைத் தேடுவான், என்னைப் போல.

எங்கள் அப்பத்தா நாட்டு மருந்து சாப்பிட்டால் பத்தியம் இருப்பார், புளி கிடையாது, கத்தரிக்காய் கிடையாது, மீன் கிடையாது. ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டு. மருந்து முடிந்த பிறகு மறுபத்தியம் என்று இன்னும் சில நாள் இருந்துவிட்டு, ஒன்றொன்றாகத்தான் எல்லாம் இலைக்குத் திரும்பி வரும், முதலில் பருப்பு, பிறகு புளி என்று. மீன் வந்துவிட்டால் அப்பத்தா தேறிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் குடல் எரிச்சல் உள்ளவர்களுக்காக உருவாக்கிய முறையிலும், நிறுத்துவது சில வாரம்தான், அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் பெரிய வேலையாம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிறது. பாதியில் நின்றுவிடுகிறவர்கள்தான் வெங்காயம் இல்லாத வாழ்க்கையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

திரும்பச் சேர்த்துப் பார்க்கக் கூடாதவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்டு உதடு வீங்கியவர், மூச்சு முட்டியவர் வீட்டில் வைத்துச் சோதனை பண்ணவே கூடாது, அது ஒவ்வாமை, டாக்டர் பார்க்க வேண்டியது. இன்னொன்று சீலியாக் என்கிற நோய், கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் ஒரு துளிகூட ஆகாது. கோதுமை ஆகவில்லையோ என்று சந்தேகம் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் நிறுத்த வேண்டும், முன்பே நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். இது எனக்கு ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்தது. மகளுக்கு அந்த நோய் என்று மாதா மாதம் அரிசி மாவும் கேழ்வரகு மாவும் வாங்குகிறவர், ஒரு நாள் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பி என்னிடம் காட்டினார். சின்ன எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. முப்பது வருஷமாக அந்த டப்பாவை விற்கிறேன், ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. கோதுமையை விட்டும் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி நிற்காததற்குச் சாம்பார்தான் காரணம் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நாலு மாதம் ஆனதாம். இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகத் தேடி எடுத்து அவர்களுக்கென்று தனியாக வைக்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் உங்கள் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். போன வருஷம் ஒரு பெரியவர் கடைப் படியில் உட்கார்ந்தவர் சட்டை நனைய வேர்த்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முழித்தார். யாரோ சொன்னார்கள் என்று மூன்று நாளாகச் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டிருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. மூட்டையிலிருந்து ஒரு கை சீனி அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், கால் மணி நேரத்தில் என்னை அடையாளம் தெரிந்தது. உங்கள் பட்டியலில் 'வெள்ளை விஷம்' என்று முதலில் இருக்கிறதே, அதே சீனிதான்.

உணவுப் பட்டியலே போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. போடும்போது எத்தனை நாள் நிறுத்திப் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பது, அதற்குப் பதில் எதைச் சாப்பிடுவது, மாத்திரை போடுகிறவர் யாரைக் கேட்டுக்கொள்வது, இதையும் அதே எழுத்து அளவில் போடுங்கள். பக்கம் போதாது என்றால் பத்தை ஐந்தாக்குங்கள்.

முடியாது என்றால் ஒரு சின்ன உதவி. எந்தப் பத்து என்று வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரிந்தால் நல்லது. திங்கட்கிழமை நாட்டுச் சர்க்கரை தீர்ந்து, பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்க வேண்டியதாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
அருப்புக்கோட்டை