மாண்டரின் வகுப்பிலிருந்து தொடங்கு

கோத்தகிரி,
ஆடி மாதக் கடைசி

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் பள்ளியில் உலக மொழிகள் துறையின் தலைமைப் பொறுப்பை உனக்குக் கொடுத்த செய்தியை உன் அம்மா ஜான்சன் சதுக்கம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். வாழ்த்தை அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். முதல் ஆண்டில் எதில் கை வைப்பது, எதை அப்படியே விட்டுவிடுவது என்று நீ கேட்டாயே, அதற்குப் பேச்சில் பதில் சொல்ல வரவில்லை; ஆகையால் எழுதுகிறேன். குன்னூர்ப் பக்கத்து உறைவிடப் பள்ளியொன்றில் தமிழ், இந்தி, பிரெஞ்சு மூன்றையும் ஒரே துறையாக வைத்துப் பார்த்துக்கொண்ட அனுபவம்தான் எனக்கு உண்டு. நியூ ஜெர்சியின் நடைமுறை வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படி.

ஸ்பானிஷுக்கு ஆறு பேர், பிரெஞ்சுக்கு உன்னையும் சேர்த்து இருவர், சீன மொழியான மாண்டரினுக்கு ஒரே ஓர் ஆசிரியை என்று சொன்னாய். நீ அந்த ஒற்றை ஆசிரியையிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஸ்பானிஷ் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அங்கே ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் வகுப்பை எடுப்பார். வினாத்தாளைச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் காட்டித் திருத்திக்கொள்வார்கள். மதிப்பெண் போடுவதில் ஒருவர் கறாராகவும் மற்றவர் தாராளமாகவும் இருந்தால் அது ஒரே பருவத்தில் வெளியே தெரிந்துவிடும். மாண்டரின் ஆசிரியைக்கு இவை எதுவும் இல்லை. தான் போடும் மதிப்பெண் சரியா என்று கேட்கக்கூட அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஆள் கிடையாது. அவர் வேலையை விட்டுப் போனால் அந்த மொழியும் பெரும்பாலும் அவரோடு பள்ளியை விட்டுப் போய்விடும்.

சிறிய மொழி சாவது வகுப்பறையில் அன்று, கால அட்டவணையில். இதை நீ மறக்கவே கூடாது. ஸ்பானிஷ் மூன்றாம் ஆண்டுக்கு நான்கைந்து பிரிவுகள் இருக்கும். ஒரு பிரிவு இயற்பியலோடு மோதினால் மாணவன் வேறு பிரிவுக்கு மாறிக்கொள்வான். மாண்டரின் மூன்றாம் ஆண்டுக்கு ஒரே பிரிவுதான். அதை உயர்நிலை இயற்பியலும் இசைக்குழுவும் நடக்கும் அதே பாடவேளையில் போட்டுவிட்டால், பிள்ளைகள் மொழியைத்தான் கைவிடுவார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைந்தது என்று நான்காம் ஆண்டை மூன்றாம் ஆண்டோடு ஒரே அறையில் சேர்ப்பார்கள்; ஆசிரியை இரண்டு பாடம் தயாரித்து ஒரு பாடத்துக்கான கணக்கில் உழைப்பார்; அதற்கடுத்த ஆண்டு "விருப்பம் இல்லை" என்று நிர்வாகம் ஒரு வரியில் எழுதி முடித்துவிடும். உண்மையில் விருப்பம் இருந்தது, இடம்தான் இல்லை. ஆகவே அட்டவணை போடுகிறவர் மேசையில் உட்காரும்போதே, ஒற்றைப் பிரிவுப் பாடங்களின் பட்டியலோடு நீ அங்கே போய் நிற்க வேண்டும். அந்தக் குழந்தைகள் வேறு எந்தெந்தப் பாடங்களை எடுக்கிறார்கள் என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொண்டு போ. அட்டவணை அச்சாகி வந்தபிறகு முறையிடுவது வீண் வேலை. அதை யாரும் திருத்த மாட்டார்கள்.

இந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. எங்கள் பள்ளியில் ஒற்றை ஆசிரியர் மொழி எது தெரியுமா? தமிழ்தான். வடக்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் மலைப் பள்ளிகளில், தமிழ்நாட்டு மண்ணிலேயே, தமிழ் வகுப்பு சின்னதாகவும் பிரெஞ்சு வகுப்பு நிரம்பி வழிவதாகவும் இருப்பதைப் பார்த்தவன் நான். பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்று பெற்றோரிடையே ஒரு நம்பிக்கை. (நீயும் பிரெஞ்சுதான் எடுத்தாய். ஆனால் நீ மதிப்பெண்ணுக்காக எடுக்கவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.)

இன்னொன்று, அடைவை ஒப்பிடுவது. துறைத்தலைவர் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: ஸ்பானிஷ் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் கதை சொல்கிறார்கள், மாண்டரின் பிள்ளைகள் இன்னும் கடையில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, ஏன்? அதற்குப் பதிலை இப்போதே கையில் வைத்துக்கொள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியான அலுவலர்களுக்கு ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளில் பணிக்கு வேண்டிய தேர்ச்சி வர ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு வந்திருக்கிறது. தமிழ் ஏறத்தாழ 1100 மணி நேர வரிசையில் இருக்கிறது. மாண்டரின், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகியவை 2200 மணி நேரம் கேட்கின்றன. அது முழுநேரமும் மொழி ஒன்றையே படிக்கும் பெரியவர்களுக்கான கணக்கு. பள்ளிப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் விகிதம் விகிதம்தான். இரண்டு மொழிக்கும் ஒரே ஆண்டு முடிவில் ஒரே இலக்கை வைப்பது சிறிய மொழியின் ஆசிரியையை ஒவ்வோர் ஆண்டும் தோற்றவராகக் காட்டும்.

இதற்காக அளவுகோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருக்கும் துறை, துறையே ஆகாது. உங்கள் நாட்டில் பிறமொழி கற்பிப்பவர்களின் ஆக்ட்ஃபல் அமைப்பு வகுத்த தேர்ச்சிப் படிகள் இருக்கின்றன: தொடக்கம், இடை, மேல் என்ற மூன்றையும் ஒவ்வொன்றிலும் தாழ்வு, நடு, உயர்வு என்று பிரித்திருக்கிறார்கள், அதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. பாடப்புத்தகத்தில் எத்தனையாவது அத்தியாயம் முடிந்தது என்ற கேள்வியை அது தள்ளி வைத்துவிட்டு, பிள்ளை அந்த மொழியில் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கிறது. அந்த ஏணியை மூன்று மொழிக்கும் பொதுவாக வை. ஆனால் ஆண்டு முடிவில் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை மொழிக்கு மொழி மாற்றி வை. இதை எழுத்தில் எழுதி, தலைமையாசிரியரின் கையெழுத்தையும் வாங்கிவிடு.

உனக்குச் சீன மொழி தெரியாதே, அந்த வகுப்பில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்று தயங்காதே. இந்தி வகுப்பில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். மொழி தெரியாதவன் கண்ணுக்கு, தெரிந்தவன் கண்ணில் படாத சில விஷயங்கள் தட்டுப்படும். தாளில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் ஆசிரியர் பேசிய நிமிடங்களையும் மறுபக்கம் பிள்ளைகள் பேசிய நிமிடங்களையும் குறி. வகுப்பு நேரத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கற்பிக்கும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்று ஆக்ட்ஃபல் 2010இல் பரிந்துரைத்தது. அது எந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு நழுவுகிறது என்று பார். கட்டளை சொல்வதற்கா, இலக்கணம் விளக்குவதற்கா, அல்லது அதட்டுவதற்கா? அதட்டல் ஆங்கிலத்தில் வந்தால், உண்மையான விஷயத்துக்கு ஆங்கிலம்தான் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். மனப்பாடம் செய்யாத கேள்வியை ஒரு பிள்ளை தானாகக் கேட்டால் அந்த நிமிடத்தைத் தனியே வட்டமிட்டுவை. வகுப்பு முடிந்ததும் முதலில் அந்த வட்டத்தைப் பற்றித்தான் ஆசிரியையிடம் பேச வேண்டும்.

வீட்டில் பேசும் மொழியோடு வருகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ் வகுப்பில் படுகர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் படுகு, சந்தையில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். பேச்சில் தமிழ் தண்ணீர் பட்ட பாடாக வருவதால், தமிழ் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிடுவது வழக்கம். கட்டுரை எழுதும்போது திணறுவார்கள், அது சோம்பல் என்று பெயர் வாங்கும். டெல்லிப் பிள்ளைகளோடு அகரத்திலிருந்து உட்கார வைத்தாலோ ஒரே வாரத்தில் சலித்துப் போவார்கள். பேச்சையும் எழுத்தையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டுத்தான் பிரிவு ஒதுக்குவது என்று வைத்துக்கொண்ட பிறகே அது சரிப்பட்டது. உன் ஸ்பானிஷ் வகுப்புகளில் டொமினிக்கன், கொலம்பிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதே சிக்கல் இருக்கும். மாண்டரின் வகுப்பில் இன்னும் நுட்பமாக இருக்கும்: வீட்டில் கான்டனீஸ் என்னும் வேறொரு சீன மொழி பேசும் பிள்ளையை, பெயரையும் முகத்தையும் பார்த்து, உனக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு எழுத்து ஓரளவு பழக்கமாக இருக்கலாம், மாண்டரின் ஒலி புதிது.

சிறிய மொழியை எண்ணிக்கை காட்டித் தற்காக்க முடியாது என்பதையும் அறிந்துகொள். தேர்வு நடத்தும் பெரிய அமைப்புகளே அப்படித்தான். பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரித் தரத் தேர்வுகள் நடத்தும் காலேஜ் போர்டு 2009க்குப் பிறகு இத்தாலிய மொழித் தேர்வை நிறுத்தி, சில ஆண்டு கழித்துத்தான் திரும்பக் கொண்டுவந்தது. உன்னுடைய பிரெஞ்சு இலக்கியத் தேர்வும் அதே 2009இல் நின்றதுதான், திரும்பவில்லை. எண்ணிக்கையே கணக்கு என்றால், நம் மலையில் சில ஆயிரம் பேர்கூடப் பேசாத தோடர், கோத்தர் மொழிகளுக்காக மொழியியலாளர் எமனோ 1930களில் கடல் கடந்து வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உன் நிர்வாகத்திடம் இதையெல்லாம் சொல்லாதே, எடுபடாது. அங்கே, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற மாணவருக்குத் தரும் இருமொழித் திறன் முத்திரையைக் காட்டு. கலிபோர்னியாவில் 2011இல் சட்டமாகி, பின்பு மற்ற மாநிலங்களுக்கும் பரவிய அந்த முத்திரையைப் பள்ளி இறுதிச் சான்றிதழில் பெற்ற மாண்டரின் மாணவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியல், கல்விக் குழு உறுப்பினர்களுக்குப் புரியும்.

மாதக் கூட்டம், புத்தகச் செலவு, பயணத் திட்டம் இவற்றையெல்லாம் நீயே சமாளிப்பாய். கூட்டத்தில் மட்டும் ஒன்று: எடுத்துக்காட்டுகள் எப்போதும் ஸ்பானிஷிலிருந்தே வந்தால் மாண்டரின் ஆசிரியை வாய் திறக்க மாட்டார். முதல் கூட்டத்தில் அவர் மாணவர்கள் பேசிய ஒலிப்பதிவைப் போடச் சொல்.

அடுத்த ஆண்டுப் பாடப் பதிவு ஜனவரியில் தொடங்கும் என்றாய். அதற்குமுன் டிசம்பரிலேயே ஒற்றைப் பிரிவுப் பட்டியலின் வரைவை எனக்கு அனுப்பிவை. பாடங்கள் எங்கே மோதும் என்று பார்த்துச் சொல்கிறேன். மாண்டரின் ஆசிரியைக்கு எத்தனை தனித்தனித் தயாரிப்பு என்பதையும் அதில் எழுது.

அன்புடன்,
அப்பா